பாலை மரத்துத் தொட்டில்

மழை பெய்யவில்லை. கொடியில் கிடந்த துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்திருந்தது. தொட்டில் மட்டும் ஈரமாக இருந்தது.

கொல்லைக் கதவைத் திறந்த தெய்வநாயகி படியிலேயே நின்றுவிட்டாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பாலை மரத்தின் தாழ்ந்த கிளையில், போன வெள்ளிக்கிழமை அவளே தன் பழைய புடவையைக் கிழித்துக் கட்டிய வேண்டுதல் தொட்டில் அது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்தால் அடங்கிவிடும் அளவுக்குத்தான் கட்டினாள். முடிச்சு உராய்ந்த இடத்தில் பட்டை கீறி, வெள்ளையாகப் பால் கசிந்து, சொட்டுச் சொட்டாகத் துணிக்குள் விழுந்துகொண்டிருந்தது. பாலை மரத்தைக் கீறினால் பால் வரத்தான் செய்யும், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆனால் ஒரு சொட்டுகூடத் துணியைத் தாண்டி மண்ணில் விழவில்லை என்பதையும் அவள் பார்த்திருந்தாள்.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. குடியிருப்பின் கடைசி வரிசையில் கடைசி வீடு அவர்களுடையது. வீடு கட்டக் காட்டை வெட்டிக்கொண்டே வந்தவர்கள் இந்த வேலியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கப்பால் கடற்கரை மணல் வரைக்கும் பாலை, வீரை, காசா மரங்கள் நெருக்கியடித்து நின்றன. கடற்காற்று வாரிவிட்டதில் உச்சியெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த, குட்டையான, கோடையிலும் இலை கொட்டாத காடு. உள்ளே நட்டநடுப் பகலிலும் விளக்கு வைக்கும் நேரம் போலத்தான் இருக்கும். வைகாசியில் பாலைப் பழம் மஞ்சளாகப் பழுத்து விழுந்தபோது, நிறைமாத வயிற்றோடு அவள் பொறுக்கித் தின்றாள். நல்ல தித்திப்பு, ஆனால் பழத்தின் பாலில் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டுவிடும். "அப்பாடா, இனி கொஞ்ச நேரம் வீடு அமைதியா இருக்கும்" என்று புருஷன் ஜானகிராமன் கேலி செய்தான். அப்போதெல்லாம் அவள் வாய் ஓயாமல் பேசுவாள்.

குழந்தை ஆனியில் பிறந்தது. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. விடியுமுன் ஜானகிராமன் அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். மண் அப்பிய காலோடு திரும்பிவந்து குளித்தான். எங்கே புதைத்தார்கள் என்று பெற்றவளிடம் சொல்லும் வழக்கமில்லை. அவளும் கேட்கவில்லை. ஊரிலிருந்து வந்த அம்மா, பால் வற்றுவதற்காக அவள் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டு, சில நாள் கூட இருந்துவிட்டு ரயிலேறிவிட்டாள். அதிலிருந்து வாடிய மல்லிகை வாசம் வந்தாலே தெய்வநாயகி ஜன்னலைச் சாத்திவிடுவாள். ஷிப்ட், ஓவர்டைம் என்று அவன் போய்விடுவான். பகல் முழுக்க அவள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டில் யாராவது சிரித்தால்கூட அழுகை வரும்.

தொட்டில் கட்டச் சொன்னது கீரை விற்கும் கன்னியம்மா. இன்று கூடையை இறக்கியதுமே அவள் மரத்தை எட்டிப் பார்த்தாள்.

"தொட்டி கட்டிட்ட போல கீதே. உள்ள இன்னா போட்டம்மா? கல்லு தானே?"

"கல்லுதான். ரோட்டோரம் எடுத்தது."

"அது போதும். வரப்போற புள்ளைக்குத்தான் தொட்டி. போன புள்ளையோடது எதுனா போட்டா, அது திரும்பி வந்துரும்மா. வந்துட்டா அப்பால போவாது."

தெய்வநாயகி கீரைக்கட்டை வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். அவள் கல் போடவில்லை. பெயர் வைக்கும் நாளில் குழந்தை கையில் போடவென்று வாங்கி, போடாமலே பெட்டிக்கடியில் கிடந்த வசம்பு வளையலைப் போட்டிருந்தாள். அந்த மெத்தென்ற துணிக்குள் கல்லைப் போட அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைக்கு வந்த ஜானகிராமன், கையில் சொம்போடு அப்படியே நின்றான்.

"நாயகி, அது என்ன?"

"தொட்டில்ங்க. கன்னியம்மா சொன்னா, கட்டினேன்."

"இவ்வளவு பெரிசாவா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். காலையில் பார்த்ததைவிடத் துணி இறங்கி, கனத்து, முழ நீளத்துக்குத் தொங்கியது.

"காட்டுல இத்தனை மரம் இருக்கே. அந்த மரத்துலயா கட்டணும் உனக்கு?"

அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. அவன் தொட்டிலைப் பார்க்கவில்லை. மரத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "கதவைத் தாழ் போட்டுக்கோ. வெளியில போகாதே. நான் வந்து அவுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே ஓடினான்.

கேட்க எதுவும் மிச்சமில்லை. நாலு மாதமாக எங்கே, எங்கே என்று மனசுக்குள் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் பாத்திரம் தேய்க்கும் கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் குழந்தை கிடந்திருக்கிறது. தனியாக.

சாயங்காலம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போயிற்று. கடலின் இரைச்சல்கூட அடங்கினாற்போல ஒரு புழுக்கம். அந்தப் புழுக்கத்துக்குள், தாழ் போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து, கிளையில் துணி இழுபடும் சத்தம் வந்தது. கிரீச். கொஞ்சம் நின்று, மறுபடி கிரீச். ஜன்னல் வழியே பார்த்தாள். ஓர் இலை அசையவில்லை. தொட்டில் மட்டும், பக்கத்தில் யாரோ உட்கார்ந்து ஆட்டிவிடும் நிதானத்தில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பி வழியே வாடிய மல்லிகை வாசம் உள்ளே வந்தது.

வளையலை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் பிள்ளை பழையபடி நிம்மதியாகத் தூங்கும். அவர் வரும்வரை இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியாது.

தாழைத் திறந்தாள். வேலி இடுக்கில் நுழைந்தாள். சருகு காலடியில் நொறுங்கியது. மரத்தடியில் மண் பொலபொலவென்று கிடந்தது. கீழேயிருந்து கிளறியதுபோல.

தொட்டில் நின்றது.

கையை உள்ளே விட்டாள். பிசுபிசுப்பு. சில்லிப்பு. வசம்பு மணத்தது. வளையல் விரலில் தட்டியது. இழுத்தாள்.

வரவில்லை.

அது ஒரு மணிக்கட்டில் இருந்தது.

உள்ளே ஒரு சிணுங்கல். அவளுக்குத் தெரிந்த சிணுங்கல். ஒரே ஒரு வாரம் கேட்டது. நாலு மாதமாக வற்றிக்கிடந்த மார்பு ரவிக்கையை நனைத்தது. ஓட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஓடினால் அது மறுபடி தனியாகக் கிடக்கும்.

தூக்கினாள்.

மண்ணின் கனம். மரத்தடியில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. அது தேடியது. பற்றிக்கொண்டது. மேலே கிளையிலிருந்து ஒரு சொட்டு அவள் உதட்டில் விழுந்தது. இன்னொன்று.

கரண்ட் வந்தது. வரிசை முழுக்கச் சமையலறை ஜன்னல்களில் வெளிச்சம். எங்கோ ரேடியோ. எங்கோ குக்கர் விசில். அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் அவள் மடிக்கும் வந்தது.

பார்த்தாள்.

அதன் தொப்புளிலிருந்து ஒரு வேர் இறங்கி மண்ணுக்குள் போயிருந்தது.

அதை மார்பிலிருந்து பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. கத்தப் பார்த்தாள். உதடு இரண்டும் ஒட்டியிருந்தன. கண்ணெதிரே அவள் வீட்டுக் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. மடியில் அது, வளையல் போட்ட கையால் அவள் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குடித்துக்கொண்டிருந்தது.