மணியடித்தும் எழாத வகுப்பு

மதியத் தூக்கம் முடிந்ததற்கான மணி அடித்தது. ஒன்றாம் வகுப்பில் யாரும் எழவில்லை.

காலையிலிருந்து விடாத மழை. குளிருக்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். பாய்களில் குழந்தைகள் நல்ல கனவொன்றின் நடுவில் இருப்பவர்கள் போலக் கிடந்தார்கள். சுவரில் சாய்ந்தபடி டீச்சரும் கண்ணயர்ந்திருந்தார். கதவோரம் படுத்திருந்த ஒரு சிறுமி மட்டும் தள்ளாடி எழுந்து, பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

"சார், எல்லாரும் தூங்கிட்டே இருக்காங்க. டீச்சரும்."

மற்ற ஆசிரியர்கள் ஓடி வந்து எல்லோரையும் தூக்கி வந்து வராந்தாவில் கிடத்தினார்கள். ஈரக்காற்று முகத்தில் பட்டதும் ஒவ்வொரு ஜோடிக் கண்ணாகத் திறந்தது. சிலர் வாந்தி எடுத்தார்கள். எல்லோருக்கும் தலைவலி. உயிருக்கு ஆபத்தில்லை என்றது ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள்தான் வரும்.

ஊர்வாய் அதுவரை பொறுக்கவில்லை. குழந்தைகளுக்கு மதியம் கொடுத்த பாலில் டீச்சர் தூக்க மருந்து கலந்துவிட்டாராம். மாலையே பெற்றோர் ஆசிரியர் மன்றம் கூடியது.

மன்றத் தலைவர் இரும்புக்கடைக்காரர். கடைசியாகக் கண் விழித்தது அவருடைய மகன்.

"டீச்சரை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பணும். போலீஸ்ல புகார் கொடுக்கணும். கை தூக்குங்க," என்றார்.

பெற்றோர் பக்கம் பாதிக் கைகள் உயர்ந்தன. ஆசிரியர்கள் தலைகுனிந்திருந்தார்கள்.

"ரெண்டு தரப்பையும் கேட்காம முடிவெடுக்கறதுக்கா இந்த மன்றம்?" என்று கேட்டபடி ஒரு தாய் எழுந்தார். விபத்துக் காப்பீட்டில் புலனாய்வு அவர் வேலை. எதற்கும் கேள்வி கேட்பதால் பள்ளியில் அவருக்குக் கேள்வியம்மா என்று பெயர்.

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "பாலை எங்கே காய்ச்சினாங்க?"

"பொதுச் சமையலறையில. அதே பாலைத்தான் ரெண்டாம் வகுப்பும் குடிச்சுது."

"அவங்க?"

"ஓடி விளையாடிட்டிருந்தாங்க."

"நீங்க குடிச்சீங்களா?"

"எனக்குப் பால் ஒத்துக்காதும்மா."

"தலைவலி?"

"மண்டை பிளக்குது. இதுவரை யாரும் கேட்கலை."

கேள்வியம்மா ஒன்றாம் வகுப்பின் பக்கம் கை நீட்டினார். "அந்த வகுப்புக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"பாய்லர் அறை. லீவுக்கு அப்புறம், குளிரா இருக்கறதால இன்னைக்குத்தான் பத்த வெச்சோம். பாத்திரம் கழுவ வெந்நீர் வேணுமே."

"முதல்ல அதை அணைக்கச் சொல்லுங்க. எல்லாரும் என்கூட வாங்க."

குடைகள் மிதக்க, ஊர்வலம் போலத் தெருவைப் பார்த்த பின்சுவருக்குப் போனார்கள். அங்கே ஒரு பெரிய தகரப் பலகை, புதுப் பெயிண்ட் மினுமினுக்கத் தெரிந்தது. 'பெற்றோர் ஆசிரியர் மன்றத்தின் அன்பளிப்பு.' திருகுகளைக் கழற்றியதும் பின்னால் ஒரு குழாயின் வாய் தெரிந்தது. பலகையின் உட்புறம் புகையால் கறுத்திருந்தது.

"பாலைக் குடிச்சவங்களும் தூங்கினாங்க, குடிக்காத டீச்சரும் தூங்கினாங்க. அதை யாரும் கவனிக்கலை," என்றார் கேள்வியம்மா. "எல்லாருக்கும் பொதுவா இருந்தது காத்துதான். புகை வெளியே போக வழியில்லாம, கூரைக்குக் கீழ இருக்கற இடைவெளி வழியா வகுப்புக்குள்ள வந்திருக்கு. அதுல இருந்தது கார்பன் மோனாக்சைடு, நெடி தெரியாத நச்சு வாயு. ஜன்னல் சாத்தியிருந்ததால கதவு இடுக்குப் பக்கம் படுத்த பொண்ணு மட்டும் எழுந்தா. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..."

அவர் தலைவர் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பலகையை லீவுல மாட்டினது நீங்கதானே தலைவரே?"

தலைவரின் குடை சாய்ந்தது. மழை அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

"ஓட்டை அசிங்கமா இருந்துது. மறைச்சா அழகா இருக்கும்னு..."

"யாரையாவது கேட்டீங்களா?"

"மன்றத்துல வெச்சா பேசிப் பேசியே ஒரு மாசம் ஓட்டுவாங்கன்னு நெனச்சேன்."

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன் சார்," என்றார் டீச்சர் மெதுவாக. "அது பாய்லர் குழாய்னு வாத்தியாருங்க எல்லாருக்கும் தெரியும். தெருப் பக்கம் இருக்கறதால பலகையைத்தான் யாரும் பார்க்கலை."

எல்லோரும் கூட்ட அறைக்குத் திரும்பினார்கள். தலைவர் தன் நாற்காலியில் உட்காரவில்லை. எல்லோருக்கும் முன்னால் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ளாமல் பள்ளியில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்ற தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். இம்முறை எல்லாக் கைகளும் உயர்ந்தன.

கூட்டம் கலைந்தபின் அவர் தயங்கித் தயங்கி டீச்சர் அருகில் வந்தார்.

"என் பையனை நாளைக்கு உங்க வகுப்புக்கு அனுப்பலாமா டீச்சர்?"

"நாளைக்கு வேண்டாம் சார். ரெண்டு நாள் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். அப்புறம் அனுப்புங்க."

மதியத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத டீச்சர், அதைச் சொல்லி முடித்ததும்தான் அழுதார்.