தெளிந்த சாம்பிள்

காலையில் அவள் தன் கையாலேயே ஆபீஸ் ஃபில்டரில் தண்ணீர் பிடித்து மூடி வைத்த பாட்டிலின் அடியில், மத்தியானம் பார்த்தால் ஒரு விரல் உயரத்துக்குச் சேறு படிந்திருந்தது.

மூடியைத் தொட்டுப் பார்த்தாள். சீல் அப்படியே இருந்தது. சுரங்கத்தின் லேபில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, நிலக்கரிக்காகத் தோண்டிக் கொட்டிய மண்மேடு, வாய்க்கால் வாய்க்காலாக அரித்துக்கொண்டு கீழே வண்டல் குட்டையில் போய் விழுந்துகொண்டிருந்தது. மண் குட்டையிலேயே படிந்துவிட வேண்டும், தெளிந்த தண்ணீர்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். அந்தத் தண்ணீரை வாராவாரம் பாட்டிலில் பிடித்து அரசாங்கச் சோதனைக்கு அனுப்புவது அவள் வேலை. கலங்கலாக இருந்தால் சுரங்கத்தை நிறுத்திவிட்டு, குட்டையை இறைத்துத் தூர்வார வேண்டும் என்பது சட்டம். நாலு மாதமாகக் குட்டை வெறும் சேறாகத்தான் கிடக்கிறது. நாலு மாதமாக அவள் அனுப்புவது ஆபீஸ் ஃபில்டர் தண்ணீர். மேனேஜர் உத்தரவு.

அந்தக் குட்டைக்குள்தான் அவள் புருஷன் கிடக்கிறான். நாலு மாதத்துக்கு முன் ஒரு மழையில் மண்மேடு சரிந்து, புல்டோசரோடு அவனையும் வாரிக்கொண்டு போய் உள்ளே தள்ளியது. மேட்டைச் சுற்றி வடிகால் வெட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மூன்று நாள் தேடினார்கள். மழை விடட்டும், குட்டையை இறைக்க முடியாது என்று கையைக் கழுவினார்கள். அவளுக்கு லேபில் ஒரு வேலை போட்டுக் கொடுத்து வாயை அடைத்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒவ்வொரு சுத்தமான பாட்டிலும், அவனை இன்னும் ஒரு வாரம் உள்ளேயே கிடக்க வைத்தது. அவர்கள் மேல் இருந்த ஆத்திரத்தைவிட, அதற்காகத் தன் மேல் வந்த ஆத்திரம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

மேனேஜர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் அனுப்பலையா?"

"ஃபில்டர் தண்ணிதான் சார். சேறாயிடுச்சு."

"கதை விடாதம்மா. வேற பிடிச்சு அனுப்பு."

பிடித்தாள். பளிங்காக இருந்தது. சீல் வைத்து மேஜைமேல் நிறுத்திவிட்டுக் கண் கொட்டாமல் பார்த்தாள். முதலில் வாசனைதான் வந்தது. ஈர மண்ணும் டீசலும் கலந்த வாசனை. அவன் வேலை முடிந்து வந்து கதவோரம் சட்டையைக் கழற்றும்போது வீடு முழுக்கப் பரவுமே, அதே வாசனை, மூடிய பாட்டிலிலிருந்து. பிறகு தண்ணீரின் நடுவில் புகைபோல ஏதோ சுழன்றது. இறங்கியது. அடியில் படிந்தது. அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பயம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே பம்ப் ஷெட்டுக்குப் போனாள். அங்கே ஆபரேட்டர் அவள் கொழுந்தன்தான்.

"மூணு பம்பையும் போடு. குட்டைத் தண்ணியப் பழைய குழிக்குத் திருப்பி விடு."

"அண்ணி, மேனேஜர் தோலை உரிச்சிடுவாரு."

"உங்க அண்ணன் உள்ள கிடக்கறாரு. நீயும் நானும் மேல உக்காந்து காவல் காத்துக்கிட்டிருக்கோம். வெட்கமா இல்ல?"

அவன் போய் ஸ்விட்சைப் போட்டான்.

நாலு மாதமாக முடியாது முடியாது என்று சாதித்த வேலை, சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. மேனேஜர் குடையோடு ஓடி வந்து, "நிறுத்துடா, நிறுத்து" என்று தொண்டை கிழியக் கத்தினார். பிறகு குட்டையைப் பார்த்தார்.

சேற்றுக்கு மேலே புல்டோசரின் மஞ்சள் கூரை தெரிந்தது. அவள் இறங்கினாள். முழங்கால் வரை. இடுப்பு வரை. கேபினின் கண்ணாடியை உள்ளங்கையால் வழித்துத் துடைத்தாள்.

உள்ளே சேறு இல்லை. கூரை வரை தண்ணீர். ஒரு தூசி இல்லாத தண்ணீர். அவள் பிடித்து அனுப்பிய தண்ணீர்.

அவன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். அழுகவில்லை. கண் திறந்திருந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் நகத்தால் கீறிய கோடுகள். தண்ணீர் ஏற ஏறப் போட்டவை. வாரத்துக்கு ஒன்று, அவள் பிடித்த பாட்டிலுக்கு ஒன்று. இடுப்பு உயரத்தில். மார்பில். கழுத்தில். கடைசிக் கோடு மூக்குக்குக் கீழே.

இன்றைக்கு அவள் இரண்டு பாட்டில் பிடித்திருந்தாள்.

"அண்ணி, மேல வந்துடுங்க!" கரையிலிருந்து கொழுந்தன் அலறினான்.

கண்ணாடிக்குள் ஒரு கை மெதுவாக உயர்ந்தது. அவன் தலைக்கு மேலே. நகம் கண்ணாடியைத் தொட்டது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவன் அடுத்த கோட்டைக் கீறினான்.