இறுகாத தாடைகள்

கன்னத்தில் பசை சில்லென்று ஒட்டியது. துலுக்காணம் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டான். அப்படி வைத்தால் அளவு குறையும் என்று கும்மிடிப்பூண்டி ஆலையில் எல்லோரும் நம்பினார்கள்.

"வாயை மூடுங்கண்ணா. சாதாரணமா இருங்க," என்றாள் தாடைமானியை இயக்கும் நர்மதா.

காதுக்கு எட்டாத ஒலியைக் கருவி தாடைத் தசைக்குள் அனுப்பியது. திரும்பி வந்த எதிரொலி தசையின் தடிமனைத் திரையில் காட்டியது. கோபத்தை விழுங்கிப் பல்லைக் கடிப்பவனுக்கு அந்தத் தசை பருக்கும். பருத்தவன் என்றாவது ஒருநாள் வேலைநிறுத்தம் செய்வான். நிர்வாகத்தின் கணக்கு அவ்வளவுதான். உடம்பில் ஒரு கோளாறும் இல்லாதவர்களை வாராவாரம் அளந்து வெளியே அனுப்பினார்கள். மென்றாலும் தசை பருக்கும் என்ற பயத்தில் உணவகத்தில் யாரும் முறுக்கு வாங்கவில்லை. கறிக்குழம்பு நாளிலும் ஆட்கள் கஞ்சி குடித்தார்கள். ஒருவன் கன்னத்தை இன்னொருவன் ஓரக்கண்ணால் அளந்தான்.

திரை மஞ்சளானது. அடுத்தது சிவப்பு. சிவப்பென்றால் வேலை போனது.

"மாசக்கணக்கா கஞ்சிதாம்மா குடிக்கிறேன். இன்னும் எப்டி ஏறுது?"

"சோத்தால ஏறலண்ணா. தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்க." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மனசுல இருக்கறத அன்னன்னிக்கே சொல்லிடுங்க. இறங்கிடும்."

இவள் யாருடைய ஆள்? பேசவைத்துப் பிடித்துக்கொடுக்கப் பார்க்கிறாளா? துலுக்காணம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

ஆனால் வேலை வேண்டும். மனசில் இருந்ததை முதலில் உணவகத்தில் சட்னியில் தண்ணீர் ஊற்றுகிறவனிடம் சொன்னான். பிறகு மச்சானிடம். பிறகு மேற்பார்வையாளரிடம்: "இன்னா சார், இந்த மிஷின்ல என் கை போனா உன் கைய குடுப்பியா?"

சில வாரங்களில் திரை பச்சைக்கு இறங்கியது. பக்கத்து வரிசையிலும் ஆட்கள் வாய்விட்டுப் பேசுவதை அப்போதுதான் கவனித்தான். அவர்களிடமும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தவர்கள் அதற்குள் வெளியே போய்விட்டிருந்தார்கள்.

தேநீர் இடைவேளை இனி கிடையாது என்று மேலாளர் நாகசுந்தரம் அறிவித்த அன்று, பழைய அமைதி வரவில்லை.

"முடியாது சார்," என்றான் துலுக்காணம்.

"முடியாது," என்றது பின்னால் ஒரு குரல். பிறகு வரிசை முழுவதும் சொன்னது.

"இவங்க எல்லாரையும் அள," என்றார் நாகசுந்தரம் நர்மதாவிடம்.

துலுக்காணம் பச்சை. அடுத்தவன் பச்சை. அதற்கடுத்தவளும் பச்சை. பச்சை வந்தவர் ஆபத்தில்லாதவர் என்று விதி எழுதியதே நாகசுந்தரம்தான். இப்போது பச்சைக்காரர்களை நீக்கினால், கருவியை நம்ப முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். சிவப்பென்று அனுப்பப்பட்ட அத்தனை பேரும் நீதிமன்ற வாசலில் வந்து நிற்பார்கள்.

நர்மதா புதிதாகப் பசையைப் பிதுக்கினாள். "நீங்களும் உக்காருங்க சார். இந்த வாரம் உங்களுது பாக்கி."

அவர் உட்காரவில்லை, பேசவுமில்லை. காதுக்குக் கீழே தசை மட்டும் திரண்டு எழுந்து நின்றது. அதைப் பார்க்க யாருக்கும் கருவி தேவைப்படவில்லை.