வரைபடத்தில் இல்லாத குட்டை

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, ட்யூபை முதுகில் மாட்டிக்கொண்டு வெர்லின் ஹாஸ்கெட் மேடேறினான். ஏப்ரல் மாத ஞாயிறு, மாலை நான்கு மணி. ஏரிக்கு வந்தவன் மாதிரி வண்டியை அங்கே விட வேண்டும்; யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் புதருக்குள் நுழைந்து ஒன்றரை மைல் நடக்க வேண்டும். அப்போதுதான் குட்டை ரகசியமாக இருக்கும்.

அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் ட்யூப் மீன்பிடிக்காரர்கள் எல்லாருக்குமே இந்தக் கிறுக்கு உண்டு. லாரி ட்யூப் அளவில் காற்றடைத்த மிதவை, நடுவே துணி இருக்கை. ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கால்கள் தண்ணீருக்குள் தொங்கும். பாதத்தில் மாட்டிய துடுப்புகளை உதைத்தால் நகரும், அதுவும் பின்பக்கமாக மட்டும். படகு இறங்காத சின்னக் குட்டைகளுக்கு அதுதான் தோது. அப்படியொரு குட்டையைக் கண்டுபிடித்தவன் பெற்ற தாயிடம்கூட வாயைத் திறக்கமாட்டான். "ஏதாவது கடிக்குதா?" என்று எவனாவது கேட்டால், பை நிறைய மீன் இருந்தாலும் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில்.

இந்தக் குட்டையைக் கண்டுபிடித்தவன் ஓரின் டைஸ், வெர்லினின் முப்பது வருடச் சிநேகிதன். சாலை போட எப்போதோ கல் வெட்டிவிட்டுக் கைவிட்ட பள்ளம். செயற்கைக்கோள் படத்தில் மிளகளவு நீலப் புள்ளியாகத் தெரிந்ததாம்.

"டேய், வரைபடத்துல இதுக்குப் பேரே இல்லடா! வாயைத் திறந்தே, பல்லைக் கழட்டிக் கையில குடுத்துருவேன்," என்று சிரித்துக்கொண்டே சத்தியம் வாங்கினான். உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் அது தெரியும்.

போன அக்டோபரில் ஓரின் வீடு திரும்பவில்லை.

அவன் வண்டி ஏரிக்கரையில் நின்றது. அதனால் ஒன்பது நாள் ஏரியிலேயே தேடினார்கள். "வேற எங்கேயாவது போவாரா?" என்று ஷெரிஃபின் போலீஸ்காரர் வெர்லினிடம் கேட்டார். "இல்லீங்க, இங்கதான்," என்றான் வெர்லின். மூன்றாம் நாள் உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் தேடும் படகுகளில் இருந்தவர்கள் எல்லாரும் மீன்பிடிக்காரர்கள். ஒரு முறை அந்தக் குட்டையைப் பார்த்துவிட்டால் அடுத்த வாரமே நாற்பது வண்டி வந்து நிற்கும். ஓரின் தனியாக அங்கே போகமாட்டான், அதுதானே ஒப்பந்தம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பிறகு பனி விழுந்து குட்டை உறைந்தது. நாளாக ஆக அதைச் சொல்ல இன்னும் கூச்சமாகிப்போனது.

இன்று காலை தேவாலய வாசலில் ஓரினின் மனைவி நொரீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் சட்டையெல்லாம் மடிச்சு வைக்கவா, யாருக்காவது குடுத்துடவான்னு தெரியல வெர்லின். நான் விதவையா இல்லையான்னே தெரியல. ஒரு எலும்பு கிடைச்சாக்கூடப் போதும், புதைச்சிட்டு வாய்விட்டு அழுதுடுவேன்."

அதனால்தான் வந்தான். ஓரின் இங்கே இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம்.

கரையில் எதுவும் இல்லை. தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது, மூன்று பக்கமும் வெட்டிய பாறைச் சுவர். வெர்லினுக்கு உயிர் வந்தது. அப்படியே திரும்பி நடந்திருக்கலாம். ஆனால் குட்டையின் நடுவில் முழங்கை நீள மீன் ஒன்று துள்ளி விழுந்தது. மனுஷப் புத்தியை என்னவென்று சொல்வது! தூண்டிலையும் கையோடு கொண்டுவந்திருந்தானே.

ட்யூபில் உட்கார்ந்து உதைத்தான். கரை மெல்ல விலகிப் போனது. பனி உருகிய தண்ணீர் ரப்பரைத் தாண்டிக் காலைக் கடித்தது. ஈரக் கல்லின் வாடையும் துருவின் வாடையும் கலந்து வந்தன. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

ச்ளப்.

வெர்லின் உதைப்பதை நிறுத்தினான்.

ச்ளப். ச்ளப்.

இன்னொரு ஜோடித் துடுப்பு தண்ணீரை உதைக்கும் சத்தம். அவனுக்கு நேர் பின்னால். கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் முதுகுச் சாய்வு மறைத்தது. உதை ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் தொய்வாகவும் இருந்தது.

பிறகு அதுவும் நின்றது.

தண்ணீருக்கடியில் அவன் உள்ளங்காலை ஏதோ தொட்டது. தொட்டு, மெதுவாக அழுத்தியது. அதுவும் ஓர் உள்ளங்கால்தான்.

"ஏதாவது கடிக்குதா?"

காதுக்குப் பின்னால், கரகரத்த குரல். பழக்கதோஷம், யோசிக்கும் முன்பே வாய் பதில் சொல்லிவிட்டது.

"ஒண்ணுமில்ல."

"அவங்ககிட்டயும் இப்படித்தான் சொன்னியாடா?"

 வெர்லின் உதைக்காமலே ட்யூப் பின்னால் போனது. கரை சிறுத்துக்கொண்டே போய், பாறை முடுக்கில் திரும்பியதும் மறைந்தது. முதுகு கல்லில் இடித்தது. அழுத்திய பாதம் விலகிக்கொண்டது.

அவன் பாறையைப் பிடித்து ட்யூபைத் திருப்பிப் பார்த்தான்.

தொங்கும் பாறைக்கு அடியில், ஒரு ஆள் படுக்குமளவு மேடை. மேலே ஏற வழியில்லை. துருப்பிடித்த கம்பி குத்திக் கிழிந்த ட்யூப் ஒன்று சப்பையாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் ரப்பர் கால்சட்டை, அதற்குள் மிச்சமிருந்த ஓரின். ஒரு கால் இடுப்பில் முறிந்து கோணலாகத் திரும்பியிருந்தது. பாறையில் சாய்ந்து, பாதை வரும் திசையைப் பார்த்தபடி இருந்தான். அவன் எதிர்பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான். இந்த இடம் தெரிந்தவன் வேறு யார் இருக்கிறார்கள்?

கைக்கு எட்டும் தூரத்தில் பச்சையாகத் தின்ற மீன்களின் தலைகள். அவற்றுக்கு அப்பால், வரிசையாக அடுக்கிய கறுப்புக் கற்கள்.

நாளுக்கு ஒன்று.

வெர்லின் எண்ணினான். பதினொன்று.

"ஐயோ, என்னை மன்னிச்சிருடா," என்று அழுதான். உண்மையாகவே அழுதான். ஆனால் அழுகை நின்றதும் பயம் வந்தது. இந்தக் கற்களைப் பார்த்தால் ஓரின் பதினோரு நாள் உயிரோடு இருந்தது தெரிந்துவிடும். அப்புறம், இந்த இடம் யாருக்குத் தெரியும் என்ற கேள்வி வரும். எலும்பிடம் எத்தனை நாள் என்று யாரும் கேட்க முடியாது. அவன் மீன் தலைகளைத் தண்ணீரில் தள்ளிவிட்டான். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தான். பத்துக் கற்கள் பொளக், பொளக்கென்று விழுந்தன.

பதினோராவது கல் விழுந்த சத்தம் கேட்கவில்லை. யாரோ கையில் பிடித்துக்கொண்டது போல இருந்தது.

எப்படிக் கரைக்கு வந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. ஷெரிஃபிடம், இப்படியொரு குட்டை இருப்பதை இன்றுதான் செயற்கைக்கோள் படத்தில் தற்செயலாகப் பார்த்தேன் என்றான். நொரீனிடம், "அன்னைக்கே, ஒரு நொடியில போயிருக்கான். கஷ்டமே படல," என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அடக்கம் முடிந்து, நொரீன் வீட்டில் சாப்பாடு. சாவு வீட்டுக்கு வழக்கமாகச் செய்யும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த பண்டம் கூடம் முழுக்க மணத்தது. வெர்லின் தட்டோடு சமையலறைக்குள் ஒதுங்கினான். நொரீன் பின்னாலேயே வந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு காட்டணும்," என்று ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். கறுப்பாக, ஈரமாக, வரிசையாக ஏழு கற்கள்.

"திங்கட்கிழமையில இருந்து தினமும் விடியும்போது வாசப்படியில ஒண்ணு இருக்கு. துடைச்சு வச்சாலும் மறுபடி ஈரமாயிடுது. படியில தண்ணித் தடம் வேற, ஒரு கால் மட்டும். இன்னொரு காலை இழுத்துக்கிட்டு வந்த மாதிரி."

"எவனாவது விளையாடுவான்," என்றான் வெர்லின்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இன்னைக்குச் சத்தம் கேட்டு முழிச்சு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு யாருன்னு கேட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "'இன்னும் நாலு. அப்புறம் சொல்றேன்'னு பதில் வந்துச்சு. அவர் குரல் மாதிரியே இருந்துச்சு வெர்லின். என்னத்தைச் சொல்லப் போறாரு? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பகல் ஒன்றரை மணி. கூடம் நிறைய ஆட்கள், வாசல் கதவு திறந்தே கிடந்தது. படியில் கல் வைக்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"எட்டு," என்றாள் நொரீன்.