குடும்பத் தலைவி

புது ரேஷன் கார்டில் நாலு பேர் இருந்தார்கள். வனிதாவின் வீட்டில் மூன்றே பேர்தான்: அவள், திருப்பூரில் வேலை பார்க்கும் புருஷன் செல்லத்துரை, ஏழு வயது மகள் பிரியா. மலையாளத்தில் அச்சடித்திருந்த நாலாவது பேரை ஏலக்காய் ஸ்டோர் கணக்குப்பிள்ளைதான் வாசித்துச் சொன்னார்.

"பெரியம்மாள், எழுபத்தொரு வயசு. குடும்பத் தலைவின்னு போட்டிருக்கு. உன் மாமியாரா?"

மாமியார் இவள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவள்; பேரும் வேறு. பெரியம்மாள் என்று இரண்டு பக்கச் சொந்தத்திலும் யாருமே கிடையாது.

போடியிலிருந்து கேரளத்து உடும்பஞ்சோலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்பது வருஷமாகியும் மலையாள எழுத்து வனிதாவுக்குப் பிடிபடவில்லை. ஆனால் பிரியாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு இன்சூரன்ஸ் அட்டை வேண்டும், அட்டைக்கு ரேஷன் கார்டு சரியாக இருக்க வேண்டும். வேலைக்கு லீவு போட்டு டவுன் ஆபீசுக்குப் போனாள். சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். மறுபடி போனாள். ஃபாரம் மாறிவிட்டது என்றார்கள். மூன்றாம் தடவை, மழையில் நனைந்த சேலையோடு இரண்டு மணி நேரம் நின்ற பிறகுதான் கிளார்க் டிஜோ தலை நிமிர்ந்தார்.

"பேரு நீக்கணும்னா குடும்பத் தலைவி வந்து ஒப்பு போடணும்."

"அப்படி ஒரு ஆளே இல்லைங்கறேன் சார். இல்லாத ஆளு எப்படிக் கையெழுத்துப் போடும்?"

"இல்லாத ஆளா? வெரிஃபிகேஷனுக்கு நான் வந்தப்போ கதவு தொறந்தது அந்த அம்மச்சியல்லே?"

அவர் வந்திருந்தால் அது வனிதா எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த நேரம். வீடு பூட்டியிருந்த நேரம். ஆனால் பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், டிஜோ அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார், பயப்படக்கூட யாரும் அவளுக்கு நேரம் தரவில்லை. ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"சரி சார், இருக்காங்க! எங்க வீட்லயேதான் இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும். எம் புள்ளைக்கு அட்டையக் குடுங்க."

டிஜோ முதல் தடவையாகச் சிரித்தார். பெரியம்மாள் என் வீட்டில் வசிக்கிறார் என்று எழுதிய தாளை நகர்த்தினார். வனிதா பேனா அழுந்தக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலம் எஸ்டேட் லயத்து வீட்டைத் திறந்தபோது, ஏலக்காய் உலர்த்தும் புகையும் மண்ணெண்ணெயும் கலந்த வழக்கமான வாசத்துக்கு அடியில், பல நாள் மடித்து வைத்த ஈரக் கம்பளியின் வாடை ஒன்று உள் அறையிலிருந்து மெல்லக் கசிந்து, அடுப்படி வரை வந்து, அவள் சோறு வடிக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்றது. மறுநாள் காலையில் பலகைக் கட்டிலின் நடுவில் ஒரு பள்ளம். யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி. தொட்டாள். வெதுவெதுப்பு.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், எதிர் லயமே தெரியாதபடி மூடுபனி இறங்கியிருந்தபோது அட்டைக்குக் குடும்பத் தலைவியின் கைரேகை வேண்டுமென்று டிஜோ மெஷினோடு வந்தார். அம்மச்சி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வனிதா வாயெடுத்தாள். அவரோ அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார்.

"எழுந்திரிக்க வேண்டா அம்மச்சி. ஞான் அங்கே வராம்."

உள்ளே போனார். வனிதா கதவோரமே நின்றாள். மெஷின் ஒருமுறை கீச்சிட்டது. மறுபடியும் ஒருமுறை.

வெளியே வந்தவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "விரல் சரியாயி. ஒரு பேரு நீக்கணும்னு அம்மச்சி சொன்னாங்க. அதுக்கும் விரல் வச்சாச்சு."

"எந்தப் பேரு சார்?"

அவர் செருப்பை மாட்டினார்.

"சார், எந்தப் பேரு?"

திரும்பவில்லை. கதவோரம் ஆளே நிற்காதது போல, அவளை உரசிக்கொண்டு இறங்கிப் போனார். பனி அவரை மூடியது.

பள்ளிக்கூடப் பையோடு பிரியா ஓடி வந்தாள். "அம்மா, பசிக்குது!" வனிதா இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளையின் கண் அவள்மேல் நிற்கவில்லை. அவளைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

உள் அறையிலிருந்து பதில் வந்தது. போடிப் பேச்சு. வனிதாவின் சொந்தக் குரல்.

"வாடா கண்ணு."

சுருக்கம் விழுந்த கையொன்று இருட்டிலிருந்து நீண்டு, பிரியாவின் தோளிலிருந்து பையைக் கழற்றியது.