கீறல் இல்லாத குரல்

பாட்டை நிறுத்திய பிறகும் திரையில் அந்தக் கோடு குனிந்தது.

முதலில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜன்னலே இல்லாத அந்தப் பின்னறையில், சுவர் முழுக்க ஒட்டியிருந்த தடித்த கம்பளத்தின் ஈரவாடையும் கணினியின் சூடும் சேர்ந்து மதியத்தில் ஆளைச் சொக்க வைக்கும். கண் இல்லாததையெல்லாம் காட்டும். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தாள். பாட்டு ஓடவில்லை. ஸ்பீக்கரில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆனாலும் மஞ்சள் கோட்டின் நடுவே ஓர் இடம் மட்டும் பள்ளமாக இறங்கி, நடுங்கி, மேலே வந்தது. திரும்ப இறங்கியது. யாரோ அமுக்க அமுக்க எதுவோ திமிறுவதைப் போல.

பாட்டுகளை மிக்ஸ் செய்வது அவள் தொழில். பாடுகிறவர்கள் வாயிலிருந்து வரும் உச்சுக்கொட்டல், எச்சில் விழுங்கல், நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரியும் சளக் சத்தம் எல்லாவற்றையும் காதுக்குள் வாங்கி, பிறர் காதுக்குப் போகாமல் துடைத்தெடுப்பதுதான் பிழைப்பு. "அடுத்தவங்க எச்சில்ல வாழுற குடும்பம் நம்மது" என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. வாய்ச் சத்தம் என்றாலே குடலைப் பிரட்டும் அவளுக்கு. அதனாலேயே அவள் கைவேலை அத்தனை சுத்தம் என்று பெயரெடுத்திருந்தது.

இப்போது கையில் இருந்தது வீட்டுப் பிள்ளையின் பாட்டு. கணவரின் தங்கை, எல்லோருக்கும் சிட்டு. அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீட்டிலேயே வளர்ந்தவள். கல்யாண மேடை, கடை திறப்பு என்று கண்ட இடத்தில் பாடித் திரிந்தவளுக்கு இப்போதுதான் சொந்தமாக ஒரு பாட்டு. அதை ஒரு பெரிய கம்பெனி வெளியிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தது. பதிவு நெருங்கிய வேளையில் காய்ச்சல் வந்து படுத்தாள். காய்ச்சல் விட்டது, குரலில் ஒரு கீறல் தங்கிவிட்டது.

சாதாரணமாகப் பேசும்போது தெரியாது. உச்சத்தில் நிற்கும்போதுதான், ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் நிழல் மாதிரி ஒட்டி வரும் மெல்லிய மேல்சுரங்கள் திடீரென்று பல் முளைத்துக் கடிக்கும். தகரத்தில் ஆணியை இழுத்தது போல. ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் டைனமிக் ஈக்யூ போட்டால்தான் அடங்கும் என்று அவள் முடிவு செய்தாள். சாதாரண ஈக்யூ ஓரிடத்தைக் குறைத்தால் பாட்டு முழுக்கக் குறைத்துக்கொண்டே இருக்கும், குரல் செத்த குரலாகிவிடும். இது அப்படியில்லை. பொறுத்திருக்கும். குரல் கீறுகிற அந்தக் கணத்தில் மட்டும், அந்த இடத்தை மட்டும் அமுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளும். கேட்பவருக்கு அமுக்கியதே தெரியாது, திரையில் மஞ்சள் கோடு குனிவது மட்டும்தான் அடையாளம்.

முதல் தடவை மிக்ஸைப் போட்டுக் காட்டியபோது சிட்டு அழுதாள். "இது நான் இல்ல அண்ணி" என்று இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அத எடுக்காதீங்க. கொஞ்சமாச்சும் விடுங்க."

"கேக்க சகிக்கல சிட்டு. நான் சொல்றத நம்பு."

அது போன வாரம். அதற்குப் பிறகு சிட்டு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விட்ட இடங்களைத் திரும்பத் திரும்பப் பாடிக் கொடுத்தாள், இவள் கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் ஆழமாக அமுக்கினாள். ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் வழவழப்பாக வந்தது.

கோடு மறுபடி குனிந்தது.

பாடும் கூண்டில் மைக் திறந்து கிடக்கும், அதுதான் எதையோ பிடித்து அனுப்புகிறது என்று அவள் எழுந்தாள். கண்ணாடிக்கு அப்பால் கூண்டு காலியாக இருந்தது. கனத்த கதவைத் தள்ளியதும் வாடை முகத்தில் அறைந்தது. பூச்சாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் வாடை. அதற்கு அடியில், சொத்தைப் பல்லைக் குடையும்போது வருமே, அந்த இனிப்பான அழுகல். மைக் அணைந்துதான் இருந்தது. எச்சில் தெறிக்காமலிருக்க அதன் முன்னால் மாட்டியிருந்த வட்டமான நைலான் வலையைக் கழுவலாம் என்று தொட்டாள்.

விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது வலைக்கும் விரலுக்கும் இடையில் கெட்டியான நூல் ஒன்று நீண்டு, நடுவில் தொய்ந்து, அறாமல் ஆடியது. வலையின் கண்கள் அத்தனையும் அடைபட்டிருந்தன. முட்டையின் வெள்ளைக்கரு போல ஏதோ, மேலே ஆடை கட்டி, உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக.

குளியலறையில் சோப்பைக் கரைத்துக் கரைத்துக் கழுவினாள். வாடை நகக்கண்ணில் தங்கிவிட்டது.

சமையலறையில் சிட்டு நின்றுகொண்டிருந்தாள். மேடைமேல் அவித்த முட்டைகள் உரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்தாள். வாயைத் திறந்தாள். முட்டை முழுசாக உள்ளே போயிற்று, தாடை அசையவில்லை, தொண்டையில் ஒரு மேடு எழுந்து மெதுவாகக் கீழே இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருடத்தில் சத்தமில்லாமல் சிட்டு சாப்பிட்டு அவள் பார்த்ததே கிடையாது. அந்தச் சத்தத்துக்காகவே எத்தனை தடவை முகத்தைச் சுளித்திருக்கிறாள்.

"மென்னு தின்னு சிட்டு. அடைச்சுக்கப் போவுது."

"எதுவும் அடைக்கல அண்ணி. முன்னதான் தொண்டையில என்னவோ குத்திக்கிட்டே இருந்துச்சு. இப்ப வழி லேசா இருக்கு."

அடுத்த முட்டையை எடுத்தாள். இவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். உதட்டோரத்தில் வழிந்ததைச் சிட்டு துடைக்கவில்லை. அது தாடையில் வந்து தொங்கியது.

"மைக் முன்னாடி என்ன பண்ணி வச்சிருக்க? ஒரே பிசுபிசுப்பு."

சிட்டு சிரித்தாள். அழகான சிரிப்பு, பாட்டில் வருவது போலவே. "இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு அண்ணி, அமுக்கறதுக்கு?"

பின்னறைக்கு வந்து கணவருக்குப் போன் போட்டாள். அவர் கச்சேரிக்காக வெளியூர் போயிருந்தார்.

"நீ அனுப்பினதக் கேட்டேன், தேனாட்டம் இருக்கு. உங்க வீட்ல இப்படி ஒரு குரலான்னு எல்லாரும் கேக்கறாங்க."

"என்னங்க, அவளுக்கு உடம்பு சரியில்லயோன்னு தோணுது. டாக்டர்கிட்ட காட்டுவோம்."

"நேத்துகூட பேசினேனே. நல்லாத்தான பேசினா? முன்னயெல்லாம் அவ போன்ல பேசினா காதத் தள்ளி வச்சுக்கணும். இப்ப கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு."

போனை வைத்தாள். பாட்டில் மட்டும்தானே அமுக்கினாள்? அவர் கேட்டது பேச்சை அல்லவா?

ஹெட்ஃபோனை மாட்டினாள். அமுக்கப்படுவதை மட்டும் தனியே கேட்க அந்தக் கருவியில் ஒரு பொத்தான் உண்டு. தப்பான இடத்தைக் கிள்ளி எடுக்கிறோமா என்று பார்க்க எல்லோரும் செய்கிற காரியம்தான். அவள் மட்டும் இந்தத் தடவை செய்யவில்லை. அந்தக் கீறலைத் தனியாக, காதுக்குள், கேட்க அருவருப்பாக இருந்தது.

அழுத்தினாள்.

மெல்லிய கிறீச்சல்கள். விட்டு விட்டு. பாட்டு இல்லை, தாளம் இல்லை, குரல் கீறிய கணங்கள் மட்டும், நறுக்கிப் போட்ட நகங்கள் போல. எதிர்பார்த்ததுதான். ஆனால் சிட்டு பாடாத இடங்களிலும் அவை வந்தன. வரிக்கும் வரிக்கும் நடுவில், சிட்டு மூச்சிழுக்கும் இடத்தில், வாத்தியம் மட்டும் வாசிக்கும் இடத்தில். அந்தத் துண்டை மட்டும் எடுத்து வேகத்தைக் குறைத்தாள். கிறீச்சல் கனத்தது. இன்னும் குறைத்தாள். அதற்குள் ஓர் ஏற்ற இறக்கம் தெரிந்தது. பேச்சின் ஏற்ற இறக்கம்.

இன்னும் குறைத்தாள்.

"...ண்ணி."

கை நின்றுவிட்டது.

"அண்ணி. அண்ணி. உள்ள இருக்கு. என் நாக்க அது..."

அமுக்கல். அவள் போட்ட அமுக்கல். அங்கே குரல் தண்ணீருக்குள் போனது போல முங்கி, மறுபடி எழுந்தது.

"...எடுக்காதீங்க. இது ஒண்ணுதான் நான். அண்ணி. கத்தறேன் கேக்கலயா. அண்ணி."

காய்ச்சல் விட்ட நாளிலிருந்து சிட்டு கத்தியிருக்கிறாள். உச்சஸ்தாயியில், மூச்சிழுப்பில், உள்ளே இருக்கும் அது அசந்த கணங்களில் மட்டும், கிடைத்த இண்டுக்குள் புகுந்து கத்தியிருக்கிறாள். அந்த இண்டைத்தான் இவள் தேடித் தேடி, காது கொடுத்துக் கண்டுபிடித்து, அடைத்தாள். மிச்சம் விட்டது எதை? ஊரே மெச்சும் அந்தத் தேன் எதன் வாயில் ஊறியது?

வாய்க்குள் புளித்த நீர் ஊறியது. குப்பைக்கூடையை இழுத்து வாந்தி எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஈக்யூவை அணைத்தாள். அணைத்தால் போதும். கீறல் திரும்பிவிடும். பழைய பதிவில் சிட்டு இருப்பாள். கம்பெனி வேண்டாம், பாட்டு வேண்டாம், அவர் வந்தால் நடந்ததைச் சொல்லி, கேட்கவைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்...

ஓட விட்டாள்.

வழவழப்பு. அப்பழுக்கில்லாத வழவழப்பு. எல்லாப் பதிவிலும். தொடாமல் வைத்திருந்த முதல் பதிவிலும்.

கூண்டின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பொதுக் என்று, பஞ்சில் அடித்தது போல.

கண்ணாடிக்கு அப்பால் சிட்டு நின்றிருந்தாள். தலையை நன்றாக வாரியிருந்தாள்.

"இன்னொரு தடவ பாடறேன் அண்ணி." ஸ்பீக்கரில் குரல் பக்கத்தில் வந்தது. "நல்லா வந்திருக்கான்னு சொல்லுங்க."

"சிட்டு." கூண்டுக்குள் கேட்கும் பேச்சுப் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் கூப்பிட்டாள். "சிட்டு, உள்ள இருக்கியா? அண்ணி பேசறேன். கத்துடீ. இப்ப கேக்கறேன். கத்து."

சிட்டு தலையைச் சாய்த்துக் கேட்டாள். கண்கள் இரண்டும் மேலே செருகி, ஒரு கணம் நேராகி இவளைப் பார்த்தன. அந்த ஒரு கணம் அது சிட்டுவின் கண். நீர் நிரம்பியிருந்தது.

இவள் ஈக்யூவைத் திரும்பப் போட்டாள், இப்போது தலைகீழாக. அமுக்குவதற்குப் பதில் அந்த இடத்தைத் தூக்கினாள். இன்னும் தூக்கினாள். எது இருந்தாலும் வரட்டும். கண்ணாடி உடைந்தாலும் சரி, காது கிழிந்தாலும் சரி.

கோடு அசையவில்லை. தூக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை.

கூண்டிலிருந்து பாட்டு தொடங்கியது. "மெதுவா வாம்மா மழையே..."

சிட்டு மைக்கை நெருங்கினாள். வலையை விலக்கினாள். நாக்கை நீட்டினாள்.

நாக்கு வந்தது. தாடையைத் தாண்டியும் வந்தது. வெளுத்து, தடித்து, நுரைத்துக்கொண்டு. மைக்கின் தலையைச் சுற்றி வளைத்து, உறிஞ்சத் தொடங்கியது. வாய் ஓவென்று திறந்து கிடந்தது. மேலுதடு மேலே. கீழுதடு கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒரு கை போகும். பல்லெல்லாம் தெரிந்தது. எச்சில் மைக் கம்பியில் இறங்கித் தரையில் சொட்டியது.

பாட்டு நிற்கவில்லை.

"வாம்மா" என்றது ஸ்பீக்கர், இவள் காதோரம். உதடும் உதடும் ஒட்டாமல் வராத அந்த 'ம', திறந்து கிடந்த வாயிலிருந்து, சுத்தமாக, இனிமையாக வந்தது.

"வாம்மா. வாம்மா."