உள்ளிருந்து வந்த பதில்

மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் டெல்மிராவுக்கு ஊரில் யாரும் வீடு தரவில்லை. கடைசியில் பரானா ஆற்றங்கரைத் தெருக்கோடியில், நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு கிடைத்தது. இரண்டு பைகளோடு ஒரு முற்பகலில் வந்து இறங்கினாள்.

எதிர்வீட்டு மாமரத்தடியில் அக்கம்பக்கத்தார் தெரெரே குடித்துக்கொண்டிருந்தார்கள்; அவளும் போய் உட்கார்ந்தாள். குளிர்ந்த மூலிகை நீர் நிறைந்த ஒரே குவளை கைமாறி எல்லோர் வாயிலும் பட்டு வந்தது. அவளருகே வந்ததும் அவளைத் தாண்டிப் போனது.

"மாத்திரை சாப்பிடுற உடம்புக்கு ஒத்துக்காதும்மா," என்றாள் எதிர்வீட்டு போர்பிரியா.

வெயில் ஏறியதும் ஊர் கதவடைத்துத் தூங்கியது. அந்த நிசப்தத்தில் படுக்கையறைச் சுவரில் ஈரமண் வாசனை கிளம்பியது. கூடவே ஒரு பெண்குரல்.

"அவங்க அப்படித்தான்டி. நான் இருக்கேன்."

முதலில் நடுங்கினாள். நாளாக ஆக, தன்னோடு பேசவும் ஓர் ஆள் இருக்கிறதே என்று மதியத்துக்காகக் காத்திருந்தாள். மனச்சோர்வு உள்ளவர்கள் புதன்தோறும் சுகாதார நிலையத்தில் கூடிப் பேசுவார்கள்; அவளும் போய்வந்தாள். அங்கே போகாதே, சிரிப்பார்கள் என்றது குரல். போவதை நிறுத்தினாள். பிறகு சமைப்பதை. பிறகு கட்டிலை விட்டு எழுவதை.

அவள் போகாத மூன்றாவது புதன், கொதிக்கும் வெயிலில் யாரோ கதவைத் தட்டினார்கள். கூட்டத்துக்கு வரும் தையல்காரி பெலார்மினா.

"டெல்மிரா, உள்ளதான இருக்க? நீ வராம எங்களுக்கு மனசே கேக்கலடி."

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. நீங்க போங்க."

டெல்மிராவின் குரல்தான்.

அவள் உதடு அசையவே இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் தயங்கி, திரும்பி நடந்தது. கத்தப் பார்த்தாள்; நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் கனத்தது. கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, ஊர்ந்து போய், கதவில் தலையால் முட்டினாள்.

"அக்கா... அது நான் இல்ல."

பெலார்மினா திரும்பி ஓடிவந்து, தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தாள். அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள்.

அன்று மாலை போர்பிரியா அங்கே வந்து தலைகுனிந்து நின்றாள். அந்த வீட்டில் முன்பிருந்த ரமோனாவும் மனம் சோர்ந்தவள்தானாம். யாரும் படியேறியதில்லை, தெருவில் நின்று நலம் கேட்டுவிட்டுப் போவார்களாம். கதவை உடைத்துப் பார்த்தபோது அவள் இறந்து பதினோரு நாளாகியிருந்தது.

"கதவ உடைக்கிறதுக்கு முந்தின நாள்கூட எனக்குப் பதில் சொன்னாளே," என்றாள் மெதுவாக.

டெல்மிரா மறுபடி கூட்டத்துக்குப் போனாள். தனக்கு இருப்பது மனச்சோர்வு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சந்தையில் நின்றே சொன்னாள். சிலர் விலகினார்கள். சிலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வருட முடிவில் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள்.

மறுவாரம் கூட்டம் பாதி முடிந்தபின் ஓர் இளம்பெண் புதிதாக வந்தாள். படகுத்துறைக் குடிசையில் தனியாக இருப்பவள். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள்.

"சுவருக்கு அந்தப் பக்கத்து அக்கா விடவே மாட்டேன்னாங்க."

டெல்மிரா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குடிசையை அவளுக்குத் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு மட்டும்தான்.